அக்ரிலிக்கில் எதிர்மறை வெளி ஓவியம்

ஓவியத்தில் ஓர் உருவத்தைச் சுற்றியும் அதன் உறுப்புகளுக்கு இடையிலும் இருக்கும் இடம் எதிர்மறை வெளி எனப்படும். ஓவியக் கல்லூரிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் இதை நெகட்டிவ் ஸ்பேஸ் என்றே சொல்வது வழக்கம். இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் முக்கோணம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வழக்கமான ஓவியத்தில் உருவம் முதலில் வரையப்பட்டு, இந்த இடம் பிறகு நிரப்பப்படும். எதிர்மறை வெளி முறையில் இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் எந்த உருவத்தையும் எண்ணாமல் பரப்பு முழுவதும் பல வண்ணங்கள் பூசப்படுகின்றன. அவை காய்ந்தபின், உருவத்துக்கு வெளியே உள்ள பகுதி மட்டும் வேறொரு வண்ணத்தால் மூடப்படுகிறது. மூடாமல் விட்ட இடம் உருவமாகிறது.

பூ, மரம், பறவை என எதையும் இப்படித் தீட்டலாம் என்றாலும் மனித உருவமே இம்முறையில் அதிகம் கையாளப்படுகிறது. அது முகம், விரல், ஆடை மடிப்பு என்று விவரங்கள் கொண்ட உருவம் அல்ல. தலையின் சாய்வு, தோள்களின் கோடு, நடையின் வீச்சு ஆகியவை மட்டும் தெரியும் அரூப உருவம். சைவ நூல்கள் லிங்கத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் அருவுருவம் என்ற சொல் இந்த இடைநிலைக்குத் தற்செயலாகப் பொருந்தி வருகிறது.

உருவமும் பின்புலமும்

டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் வெளியிட்ட ஆய்வில், கண் ஒரு பரப்பை உருவம் என்றும் பின்புலம் என்றும் எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு நேரம் பூச்சாடியாகவும் மறுநேரம் எதிரெதிரே நோக்கும் இரண்டு முகங்களாகவும் தெரியும் படம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஓடும் எல்லைக்கோடு எப்போதும் உருவத்துக்கே சொந்தமானதாகத் தெரிகிறது என்பது அவருடைய கவனிப்பு. பின்புலத்துக்கென்று வடிவம் இல்லாததுபோலவும், அது உருவத்துக்குப் பின்னாலும் அறுபடாமல் தொடர்வதுபோலவும் தோன்றுகிறது. உருவம் பார்ப்பவருக்கு நெருங்கியும் பின்புலம் விலகியும் நிற்கிறது.

எதிர்மறை வெளி ஓவியத்தின் மையச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கேன்வாஸில் பின்புல வண்ணம் கடைசியாகப் பூசப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அதுதான். உருவம் அதற்கு அடியில் கிடக்கிறது. ஆனால் கண்ணுக்கோ மேலே இருப்பது பின்னாலும், அடியில் இருப்பது முன்னாலும் தோன்றியாக வேண்டும். தோன்றாவிட்டால், உருவம் என்று வந்தது சுவரில் வெட்டிய ஓட்டையாகவே நிற்கும். பயிற்சி ஓவியங்களில் பாதிக்கு மேல் தோற்பது வண்ணத் தேர்வாலோ வரைதிறன் குறைவாலோ அல்ல, இந்த ஓட்டையால்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

முன்னோடிகள்

சுற்றுப்புறத்துக்கு நிறம் கொடுத்து உருவத்தைப் பெறும் முறை மிகப் பழையது. குகைச் சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றிக் காவி நிறத்தை ஊதிவிட்டுக் கையை எடுத்தால், நிறம் படாத கைவடிவம் சுவரில் நிற்கும். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் உள்ள இத்தகைய கைத்தடம் ஒன்றின் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ல் வெளியான ஆய்வு கணித்தது. பத்திக் துணியும் இதே வழியில்தான் உருவாகிறது. மெழுகு தடவிய இடத்தில் சாயம் ஏறாது. ஏறாத இடம் வடிவமாகிறது. சென்னைக்கு அருகே 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்த ஓவியர்கள், கே.சி.எஸ். பணிக்கரின் வழிகாட்டலில் பத்திக் துணிகள் உள்ளிட்ட கைவினைப் பொருள்களை விற்று அதற்குப் பணம் சேர்த்தனர்.

நவீன ஓவியத்தில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆன்றி மத்தீஸ் 1911-ல் தீட்டிய 'சிவப்பு ஓவியக்கூடம்'. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் படத்தில் நாற்காலி, மேசை, நின்ற கடிகாரம் ஆகியவை மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகள் சிவப்பின்மேல் இழுக்கப்பட்டவை அல்ல. மத்தீஸ் முதலில் அந்த அறையை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் காவி ஆகிய நிறங்களில் தீட்டியிருந்தார். பிறகு ஏறக்குறைய அறை முழுவதையும் வெனிஸ் சிவப்பால் மூடினார். மூடும்போது மேசை நாற்காலிகளின் விளிம்பில் நூலளவு இடைவெளி விட்டார். அந்த இடைவெளி வழியே எட்டிப்பார்க்கும் பழைய வண்ணமே கோடாகத் தெரிகிறது. எண்ணெய் வண்ணத்தில் செய்யப்பட்டது என்றாலும், இன்று அக்ரிலிக்கில் செய்யப்படுவதன் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது.

முதுமையில் மத்தீஸ் தூரிகையைவிடக் கத்தரிக்கோலையே அதிகம் நம்பினார். 1952-ல் அவர் செய்த 'நீல நிர்வாணம்' வரிசையில், நீலம் பூசிய காகிதத்தை வெட்டி வெள்ளைப் பரப்பில் ஒட்டியிருக்கிறார். தொடைக்கும் காலுக்கும், கைக்கும் தலைக்கும் நடுவே நீலம் எங்கும் முட்டுவதில்லை. மெல்லிய வெள்ளைச் சந்து ஓடுகிறது. மடங்கிய உடலின் மூட்டுகளைக் காட்டுவது அந்தச் சந்துகள்தான். அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்களை வெள்ளைத் தாளில் எழுதிய கறுப்பு எழுத்துபோலப் பார்ப்பவர்கள் உண்டு. கறுப்பைத் தீட்டியது போலவே வெள்ளையையும் தீட்டியிருப்பதாக அவர் வலியுறுத்திவந்தார். படங்களை நெருங்கிப் பார்த்தால் பல இடங்களில் வெள்ளை கறுப்பின்மேல் ஏறி அதன் விளிம்பை அறுத்திருப்பது தெரியும்.

ஏன் அக்ரிலிக்

அக்ரிலிக் வண்ணம் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துளிகளும் நிறத்தூளும் கலந்த பால்மம். நீர் ஆவியானதும் பாலிமர் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து படலமாகின்றன. அந்தப் படலம் மறுபடி நீரில் கரையாது. 1940களின் இறுதியில் டர்பென்டைனில் கரையும் அக்ரிலிக் வண்ணம் மேக்னா என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. நீரில் கலக்கும் வகை 1950களின் நடுவில் ஓவியர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது.

நீரில் கரையாத இந்தத் தன்மைதான் எதிர்மறை வெளி முறைக்கு அடிப்படை. நீர்வண்ணத்தில் அடியில் உள்ள நிறத்தின்மேல் ஈரத் தூரிகை பட்டால் அது கலங்கும். எண்ணெய் வண்ணத்தில் அடியடுக்கு உலர நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக்கில் மெல்லிய அடுக்கு அரை மணி நேரத்துக்குள் தொடும் பதத்துக்குக் காய்ந்துவிடும். அதன்மேல் பூசிய வண்ணம் பிடிக்கவில்லை என்றால், காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

இரண்டாவது காரணம் நிறத்தூள்களின் மறைக்கும் திறன். டைட்டானியம் வெள்ளையின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, அக்ரிலிக் படலத்தினுடையது சுமார் 1.5. இந்த வேறுபாடு பெரிது என்பதால் ஒளி அந்த வெள்ளையைக் கடந்து அடியடுக்குக்குப் போவதற்குள் சிதறித் திரும்பிவிடுகிறது. அதனால்தான் சிறிதளவு டைட்டானியம் வெள்ளை சேர்த்த எந்த நிறமும் அடியில் உள்ளதை நன்றாக மூடுகிறது. மாறாக தேலோ நீலம், குவினாக்ரிடோன் மெஜந்தா போன்றவை ஒளிபுகும் நிறங்கள். அடித்தளத்தில் அவை அடுக்கடுக்காக ஒளிரும். மூடும் வேலைக்குத் தனியாக உதவாது.

அடித்தளம்

முதற்கட்டத்தில் ஓவியர் உருவத்தை நினைக்காமல் இருப்பது நல்லது. ஜெஸ்ஸோ பூசிய கேன்வாஸிலோ தடித்த தாளிலோ மூன்று நான்கு அடுக்குகளாக வண்ணம் ஏற்றலாம். பேலட் கத்தியால் இழுக்கலாம், பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழிக்கலாம், குமிழித் தாளை அழுத்தி எடுக்கலாம், செய்தித்தாள் துண்டுகளை ஒட்டலாம். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஈரமாகவே குழைத்தால் சேறு போன்ற பழுப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இங்கே நிறங்களைவிட வெளிர்மையும் அடர்த்தியும் முக்கியம். பரப்பில் மிக வெளிர்ந்த இடங்களும் மிக அடர்ந்த இடங்களும் ஆங்காங்கே இருந்தால், பிறகு எந்த நிறத்தால் மூடினாலும் விளிம்பு சில இடங்களில் கூர்மையாகவும் சில இடங்களில் மங்கியும் தெரியும். எல்லாம் நடுத்தர அடர்த்தியில் இருந்தால் உருவம் காகித வெட்டுபோல ஒரே சீராக வந்து சலிப்பூட்டும். அடித்தளத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

உருவத்தைத் தேடல்

காய்ந்த பரப்பை நான்கு பக்கமும் திருப்பி, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு வெளிர்ந்த பட்டை தோளாகத் தெரியலாம். ஓர் அடர்ந்த திட்டு தலையாகலாம். தேடும்போது முகத்தையோ கையையோ தேடுவதைவிட, உடலின் சாய்வுகளைத் தேடுவது பலன் தரும். தோள்களின் கோடு ஒரு பக்கமும் இடுப்பின் கோடு எதிர்ப்பக்கமும் சாய்ந்தால் எடை ஒரு காலில் நிற்கிறது என்பது புரிந்துவிடும். கோயில் சிற்பங்களில் திரிபங்க நிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல.

மனித உடலை அறிந்துகொள்ளக் கண்ணுக்கு மிகக் குறைந்த தகவலே போதும். சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-ல் வெளியிட்ட சோதனைகளில், இருட்டில் நடப்பவரின் மூட்டுகளில் பொருத்திய ஒரு டசன் அளவிலான ஒளிப்புள்ளிகளை மட்டும் காட்டினார். புள்ளிகள் அசைந்த கணமே பார்த்தவர்கள் அதை நடக்கும் மனிதர் என்று கண்டுகொண்டனர். அசையாதபோது அவை வெறும் புள்ளிகளாகவே இருந்தன. ஓவியம் அசையாதது. எனவே அசைவு விட்டுச்செல்லும் சாய்வையும் எடைமாற்றத்தையும் விளிம்பே சொல்ல வேண்டியிருக்கிறது. நேராக, சமச்சீராக, கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் உருவம் இம்முறையில் பெரும்பாலும் பாட்டில் போலத்தான் வரும்.

கண்டதைச் சாக்பீஸால் மெலிதாகக் குறித்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மூடும் நிறத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் பூசி, உருவ வடிவத்தை மட்டும் வெட்டி நீக்கி, அந்தத் தாளை அடித்தளத்தின்மேல் நகர்த்திப் பார்ப்பது இன்னும் உதவும். ஒரே வடிவம் பத்து இடங்களில் பத்து விதமான உடலாகத் தெரியும்.

மூடுதல்

முதலில் மூட வேண்டியவை சிறிய இடைவெளிகள்: கைக்கும் இடுப்புக்கும் நடுவே, இரு கால்களுக்கு நடுவே, சாய்ந்த தலைக்கும் தோளுக்கும் நடுவே. அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பயிற்சி நூலில், நாற்காலியை வரையாமல் அதன் கால்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவிலுள்ள வெளிகளை வரையச் சொல்கிறார். கை எப்படி இருக்கும் என்று மனத்தில் முன்பே ஒரு சித்திரம் இருக்கிறது. பார்த்ததை விட்டுவிட்டு ஓவியர் அந்தச் சித்திரத்தையே வரைந்துவிடுகிறார். இடுப்போரத்து முக்கோணத்துக்குப் பெயரும் இல்லை, மனச்சித்திரமும் இல்லை. அதனால் அதை உள்ளபடி பார்க்க முடிகிறது.

உள்வெளிகள் சரியாக அமைந்தால் உடல் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்பின் தட்டைத் தூரிகையால் வெளிவிளிம்பை வெளிப்பக்கமிருந்து அறுத்து வரலாம். உருவம் கேன்வாஸின் நடுவில் தனித்து நிற்காமல், தலையோ முழங்கையோ பாதமோ ஓரிடத்தில் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ, சுற்றியுள்ள வெளி தனித்தனி வடிவங்களாகப் பிரிந்து தானும் பார்க்கத்தக்கதாகிறது.

மூடும் நிறத்தை வேண்டிய அளவுக்கு மேலாகவே ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. அக்ரிலிக் ஈரத்தில் வெளிறியும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும். பாலிமர் பால்மம் ஈரத்தில் வெண்மையாகவும் உலர்ந்ததும் கண்ணாடிபோலவும் ஆவதே காரணம். பாதியில் நிறம் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால், பொருந்திவிட்டது என்று நம்பிப் பூசிய திட்டு மறுநாள் தனியாகத் தெரியும். கோடையில் பேலட்டிலேயே வண்ணம் உலர்ந்துவிடும். ஈர டிஷ்யூ தாளின்மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணத்தை வைப்பதும், அவ்வப்போது நீர் தெளிப்பதும் போதுமான ஏற்பாடு.

உருவம் ஓட்டையாவது ஏன்

மூடியபின் உருவம் முன்னால் வராமல் பள்ளமாகத் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விளிம்பில் திரண்ட வண்ண மேடு. உருவத்தின் ஓரத்தில் கவனமாக மெல்ல இழுக்கும்போது தூரிகையிலுள்ள வண்ணம் வரப்புபோலக் குவிகிறது. பக்கவாட்டு ஒளியில் அந்த வரப்பு நிழல் தருகிறது. பின்புலம் மேலே இருக்கிறது என்ற உண்மையைக் கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது. விளிம்பில் மெல்லிய வண்ணமும் வெளியே போகப்போகச் சற்றுத் தடித்த வண்ணமும் வைத்தால் இது தவிரும். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசினால் வரப்பு இன்னும் கூர்மையாகும் என்பதால், இந்த முறைக்கு அது அவ்வளவாக உகந்ததல்ல.

அடுத்தது தூரிகைத் தடத்தின் திசை. உருவத்தின் விளிம்பையே பின்பற்றி ஒளிவட்டம்போலத் தடங்கள் ஓடினால் பின்புலம் உருவத்தைக் கட்டிப் போட்டுவிடும். தடங்கள் உருவத்துக்கு அந்தப் பக்கமும் தொடர்வதுபோல, இடப்பக்கத் தடத்தின் நீட்சி வலப்பக்கம் தெரிவதுபோலப் பூசினால் ரூபின் சொன்ன தொடர்ச்சி கிடைக்கும். பின்புலம் உருவத்தைவிட ஆரவாரமாக இருக்கக்கூடாது என்பதும் பொதுவாக உண்மை.

இவை போதாவிட்டால், உருவத்தின்மேலேயே ஓரிரு தடங்களை இடலாம். முதுகில் ஓர் ஒளிக்கீற்று, கழுத்தோரம் ஓர் அடர்கோடு. அது விளிம்பைத் தாண்டிப் பின்புலத்தின்மேல் சிறிது ஏறட்டும். ஒரே ஓரிடத்தில் உருவம் பின்புலத்தை மறைத்தாலும், எது முன்னே எது பின்னே என்ற கேள்வி முழுப் படத்துக்கும் தீர்ந்துவிடும். சிலர் இதை முறையை மீறுவதாகக் கருதுகின்றனர். மத்தீஸோ கிளைனோ அப்படி எந்தத் தூய்மையையும் கடைப்பிடித்தவர்கள் அல்லர்.

எதை இழப்பது

இம்முறையில் கடினமான தருணம் கைத்திறனைச் சார்ந்ததல்ல. அடித்தளத்தில் தற்செயலாக அமைந்த அழகான ஓரிடம், ஒரு துருநிறத் திட்டின்மேல் நீலம் கசிந்த மூலை, உருவத்துக்கு வெளியே விழுந்துவிடும். அதை மூடியாக வேண்டும். மனம் வராமல் அந்த இடத்தை மட்டும் சன்னல்போல விட்டுவைத்தால் அது இரண்டாவது உருவமாகி முதலாவதோடு போட்டியிடும். அதை உள்ளே இழுத்துக்கொள்ள உருவத்தை வளைத்தால், முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் கூன் விழும். பயிற்சி பெறுபவர்கள் ஒரே படத்தில் மணிக்கணக்கில் தயங்கி நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

நடுவழி ஒன்று உண்டு. மூடும் நிறத்தை மீடியத்தோடு கலந்து மெல்லியதாக முதல் பூச்சு பூசினால் அடியில் உள்ளது புகைமூட்டத்துக்குள் தெரிவதுபோல மங்கித் தெரியும். உருவத்தை ஒட்டிய பகுதியில் இரண்டாவது பூச்சால் முழுவதும் மூடிவிட்டு, தொலைவில் ஓரிரு இடங்களில் இந்த மங்கலை விட்டுவைக்கலாம். பின்புலத்துக்கு ஆழமும் கிடைக்கும். ஆனால் இது அந்த அழகான மூலையைக் காப்பாற்றுவதாகாது. அது ஒருமுறை இருந்தது என்று காட்டுவது மட்டுமே.

தவறி மூடிவிட்டதை மீட்க வழிகள் இருக்கின்றன. சில நிமிடங்களுக்குள் என்றால் ஈரத்துணி போதும். காய்ந்துவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணி மேலடுக்கை இளக்கும். ஆனால் அடியடுக்கும் அக்ரிலிக்தான் என்பதால் அதுவும் சேர்ந்து கரையும். நுண்ணிய உப்புத்தாளை நீர் தொட்டுத் தேய்த்தால் மேடான இடங்களில் மட்டும் பழைய நிறங்கள் வெளிவரும். இப்படித் தேய்த்து எடுத்த தோள் ஒன்று, கவனமாக விட்டுவைத்த தோளைவிட நன்றாக அமைந்துவிடுவதும் உண்டு. எதுவும் உதவாதபோது, மூடிய பரப்பின்மேலேயே புதிய வண்ணங்களை ஏற்றி மறுபடி தேடலாம். முதல் உருவத்தின் விளிம்பு மேடாக அடியில் கிடந்து, இரண்டாவதன் ஊடே ஓடும்.

மேற்பூச்சு

படம் முடிந்ததும் அடித்தளமும் பின்புலமும் வெவ்வேறு அளவில் பளபளக்கும். ஒளிபுகும் நிறங்களும் மீடியமும் மிகுந்த உருவம் பளபளப்பாகவும், டைட்டானியம் வெள்ளை கலந்த பின்புலம் மங்கலாகவும் இருப்பது இயல்பு. மேற்பூச்சு இட்டால் இரண்டும் ஒரே பதத்துக்கு வந்து நிறங்கள் ஆழமாகும். ஆனால் பளபளக்கும் உருவம் மங்கிய பின்புலத்திலிருந்து பிரிந்து முன்னே வருவதும் அதோடு போய்விடும். எனவே சிலர் முழுப்படத்துக்கும் மங்கலான மேற்பூச்சு இட்டு, அது உலர்ந்தபின் உருவத்தின்மேல் மட்டும் பளபளப்பான பூச்சை ஒருமுறை இழுக்கின்றனர். இரண்டு பூச்சுகளுக்கும் முன்னதாகப் படத்தைச் சில நாட்களாவது நன்றாக உலரவிட வேண்டும். அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும் என்பதால், கோடையில் படங்களை முகத்தோடு முகம் ஒட்டி அடுக்கிவைத்தால் ஒன்றின் வண்ணம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும்.